சம்மதம் சொல்லவேண்டிய வாய்

2021 மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடிக்கு ஜனாஸாக்கள் வரத் தொடங்கின. தூர ஊர்களிலிருந்து படையினரின் காவலோடு மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட உடல்கள் அங்கே மஜ்மா நகரில் அடக்கப்பட்டன. அதற்கு முந்திய ஏறக்குறைய ஒரு வருடம், கொரோனாவில் இறந்தவர் எவராக இருந்தாலும் எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு அடம்பிடித்தது. புதைப்பதால் கெடுதல் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அது கேட்கவில்லை. பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையைக்கூடப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். 276 முஸ்லிம்களின் உடல்கள் அவ்வாறு எரிக்கப்பட்டதாக அரசே பின்னர் கணக்குச் சொன்னது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது.

அந்த மாதங்களில் இலங்கை முஸ்லிம்கள் கேட்டது ஒன்றைத்தான். எங்கள் உடல் எங்களுடையது, எங்கள் சம்மதம் இல்லாமல் அதில் கைவைக்காதே. மட்டக்களப்பின் அமிர்தகழியில் இருக்கும் என் போன்ற தமிழர் பலரும் அந்தக் கோரிக்கையின் பக்கம் நின்றோம். அதே கோரிக்கையை உயிரோடு இருக்கிற ஒரு முஸ்லிம் பெண் தன் உடலுக்காக வைத்தால் என்ன நடக்கிறது? தன் பாலினத்தவரையே நேசிக்கும் ஒருவர் வைத்தால்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எங்கள் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுக்கடுக்காக வருகின்றன. கல்லடிப் பாலத்தைக் கடந்தால் காத்தான்குடி, பிறகு தமிழ் ஊர்கள், கல்முனை, சாய்ந்தமருது, நடுவில் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. குடி வழக்கமும் இரு பக்கமும் ஒன்றுதான். குடி தாய் வழியாக வருகிறது. பள்ளிவாசல் மரைக்காயர்களைக்கூடக் குடிக்கு இத்தனை பேர் என்று தெரிவுசெய்த மரபு முஸ்லிம்களிடம் இருந்தது. வீடு மகளுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல பத்தாண்டுகள் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்து எழுதியவற்றில் இந்த ஒற்றுமைகள் விரிவாகப் பதிவாகியுள்ளன.

வீட்டின் உறுதியில் பெயர் உள்ள அந்தப் பெண்ணுக்கு, நிக்காஹ் நடக்கும் நாளில் திருமணப் பதிவில் கையெழுத்திட இடமில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி மணமகன் கையெழுத்திடுவார், மணமகளின் வலி கையெழுத்திடுவார், நிக்காஹை நடத்தியவரும் கையெழுத்திடுவார். ஷாபி மத்ஹபை (சட்டப் பிரிவை)ச் சேர்ந்த பெண்ணின் சம்மதத்தை அவளுடைய வலி, அதாவது வாப்பாவோ சகோதரனோ, சொன்னால் போதும். அவள் வாயால் அது வெளிவரவேண்டியதில்லை. குறைந்தபட்ச வயதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தைப் பதிய காதி நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அந்தக் காதி ஆணாகத்தான் இருக்கவேண்டும். ஏனைய இலங்கையருக்குத் திருமண வயது 1995இல் 18 ஆக்கப்பட்டது. முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் வெளியே விடப்பட்டார்கள். அடிப்படை உரிமைக்கு முரண் என்று வழக்குப் போடவும் வழியில்லை. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதை மாற்றச் சொல்லி முதலில் எழுந்தவர்கள் முஸ்லிம் பெண்களே. கிழக்கிலும் புத்தளத்திலும் கொழும்பிலும் காதி நீதிமன்ற வாசல்களில் அலைந்த பெண்களின் கதைகளை அவர்கள் எழுதிவைத்தார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அறிக்கை வர 9 வருடம் ஆனது. 2018 ஜனவரியில் வந்தபோது குழு இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்குப் பிறகு அமைச்சர்கள் மாறினார்கள், குழுக்கள் மாறின. 12 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பிள்ளை அந்தக் குழுக்களின் காலத்துக்குள் வளர்ந்து, தாயாகி, விவாகரத்துக்காகக் காதி முன்னால் நிற்கவும் போதுமான காலம் கழிந்துவிட்டது.

பிறந்து சில வாரங்களே ஆன பெண்குழந்தைக்கு ஒஸ்தா மாமி வீட்டுக்கு வந்து செய்யும் சுன்னத்தும் (விருத்தசேதனமும்) இதே வரிசையில்தான் வருகிறது. ஊரில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. ஆண்களில் பலருக்கு அது நடப்பதே தெரியாது. 2008இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதைக் கட்டாயக் கடமை என்று பத்வா கொடுத்தது. தங்கள் உடலில் என்ன செய்யப்பட்டது என்று பெண்களே சாட்சி சொல்லத் தொடங்கிய பின், 2018இல் சுகாதார அமைச்சு மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. மருத்துவரைத் தடுத்த சுற்றறிக்கை ஒஸ்தா மாமியின் கையை எட்டாது. அதை எட்ட, உம்மாக்களோடும் மூத்தம்மாக்களோடும் வீட்டுக்குள் இருந்து பேசவேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கியவர்களும் முஸ்லிம் பெண்களே.

வாய் திறந்தால் என்ன விலை என்பதற்கு, எங்கள் வாவிக்கரையில் இருந்தே ஒரு பெயரைச் சொல்லலாம். ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித். 2012 நவம்பரில் பிபிசி தமிழோசை அவரிடம் பாலியல் தொழில் பற்றிக் கேட்டது. சட்டம் அதை அங்கீகரித்தால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று அவர் சொன்னார். சொன்னது அவ்வளவுதான். கொலை மிரட்டல்கள் வந்தன. ஏறாவூரில் அவருடைய குடும்பம் நடத்திய ஆங்கிலக் கல்வி நிலையம் தாக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. பிள்ளையோடு சென்னைக்குப் போனார். 2015இல் அவர் வல்லுறவுக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டுவிட்டதாகப் பொய்ப் படத்தோடு சமூக வலைத்தளங்களில் செய்தி பரப்பினார்கள். உயிரோடு இருக்கும் பெண்ணைப் பிணமாக்கிக் காட்டி மகிழ்ந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது. அவர் ‘உம்மத்’ நாவலையும் அதன்பின் இன்னும் பலவற்றையும் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்ததுதான் அவர் கொடுத்த பதில்.

அக்கரைப்பற்றுக்கு வருகிறேன். 2022 ஜூன் மாதம் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் தன் காதலியைத் தேடி அங்கே வந்தார். காதலியும் பெண். இருவரும் வயது வந்தவர்கள். உள்ளூர்ப் பெண்ணின் தகப்பன் பொலிஸில் முறையிட்டார். பொலிஸ் இருவரையும் நீதவான் முன் நிறுத்தியது. நீதவான் இருவரையும் மனநல மருத்துவரிடம் அனுப்ப உத்தரவிட்டார். நேசித்ததுதான் அவர்களிடம் தேடப்பட்ட நோய்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, 2022 மே 31 அன்று, கேரள உயர் நீதிமன்றம் ஆதிலா நஸ்ரின், ஃபாத்திமா நூரா என்ற இரு முஸ்லிம் இளம்பெண்களைச் சேர்ந்து வாழ அனுமதித்தது. நூராவைக் குடும்பத்தார் பிரித்துக் கொண்டுபோனதால் ஆதிலா ஆட்கொணர்வு மனுப் போட்டிருந்தார். நீதிபதிகள் கேட்டது, சேர்ந்து வாழ விருப்பமா என்று. விருப்பம் என்றதும் அனுப்பிவிட்டார்கள். அதற்கும் ஒரு வருடம் முன், மதுரையிலிருந்து வெளியேறிய இரு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இந்த வாழ்க்கை பற்றித் தெரியவில்லை என்று தெரிந்ததும் அவர் தானே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7ஆம் திகதி உத்தரவில், இவர்களை ‘மாற்றுவதாக’ச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளைத் தடுத்தார். சென்னையில் நீதிபதி போன இடத்துக்கு அக்கரைப்பற்றில் அந்தப் பெண்களை அனுப்பினார்கள்.

வளர்ந்த பெண்ணின் விருப்பத்தைச் சொல்ல நிக்காஹில் ஓர் ஆண் போதும் என்ற நினைப்பும், அவள் யாரோடு வாழ்வது என்று பொலிஸில் முறையிடத் தகப்பனுக்கு உரிமை உண்டு என்ற நினைப்பும் ஒரே வீட்டில் பிறந்தவை. அதனால்தான் திருமணச் சட்டத்தையும் பால்புதுமையினர் உரிமையையும் இரு வேறு விடயமாக நான் பார்ப்பதில்லை. திருமணச் சட்டத்துக்காகப் போராடுவோரிடையே, ‘இதையும் சேர்த்தால் உள்ளதும் போய்விடும்’ என்று தயங்குவோர் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. ஏற்கெனவே அவர்களை மார்க்கத் துரோகிகள் என்று சொல்கிறார்கள். ஆனாலும் அக்கரைப்பற்றின் அந்த மகள் எந்த வரிசையில் காத்திருக்கவேண்டும்?

இஸ்லாத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்று சொல்வோர் மார்க்கத்தின் சொந்த வரலாற்றையும் பார்க்கவேண்டும். தன் விருப்பமில்லாமல் தகப்பன் கட்டிவைத்த திருமணத்தைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் நபியிடம் முறையிட்டார். நபி அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கினார். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. ஹனபி மத்ஹபில் வளர்ந்த பெண் தானே திருமணம் செய்துகொள்ளலாம். மொரோக்கோ 2004இல் வளர்ந்த பெண்ணுக்கு வலி கட்டாயமில்லை என்று சட்டத்தை மாற்றியது. இலங்கை முஸ்லிம்களைப் போலவே ஷாபி மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில் பெண் உலமாக்கள் 2017இல் மாநாடு கூட்டி சிறுவர் திருமணத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2019இல் அந்த நாடு பெண்ணின் திருமண வயதை 19 ஆக்கியது.

தன்பாலீர்ப்பு விடயத்தில் பாதை இவ்வளவு இலகுவானதல்ல. மூல நூல்களை மறுவாசிப்புச் செய்யும் அறிஞர்கள் உண்டு. பெரும்பான்மை உலமாக்கள் அவர்களை ஏற்பதில்லை. தன்னை மறைக்காமல் வாழ்ந்த தென்னாபிரிக்க இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் 2025 பெப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். பாவமா இல்லையா என்ற விவாதம் பள்ளிவாசலுக்குள் நடக்கட்டும். சிறைக்கு அனுப்புவது வேறு கேள்வி, அந்தக் கேள்விக்கு இலங்கையில் பதில் எழுதியது எந்த மௌலவியும் அல்ல. தன்பாலுறவைக் குற்றமாக்கும், 1883இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள்தான் அந்தப் பதில். அதற்கு 25 வருடம் முன், 1858இல், கலீபாவின் ஒட்டோமான் பேரரசே அந்தக் குற்றத்தைத் தன் தண்டனைச் சட்டத்தில் சேர்க்காமல் விட்டிருந்தது. விக்டோரியா மகாராணியின் ஒழுக்கத்தை நாங்கள் எங்கள் பண்பாடு என்று காவல் காக்கிறோம். 1995இல் 365ஏயைத் திருத்தியபோது, விலக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். றொசானா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு இலங்கை தவறிழைத்தது என்று 2022இல் சொன்னது. பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் செத்தது.

ஒரு தமிழ் ஆள் இதை எழுதலாமா என்று காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ ஒருவர் கேட்டால், கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களையும் ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்களையும் கொன்றது தமிழரின் பெயரால் போராடிய புலிகள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுத் தாக்குதலில் பிள்ளைகள் செத்த பிறகு, முஸ்லிம் பெண்ணின் முகத்திரையைத் தடைசெய்து நாடு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டது. 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்கு ஞானசார தேரர் தலைவரானார். முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்பை விதைத்தவர் முஸ்லிம் பெண்ணுக்கு நீதி தருவார் என்று சொன்னார்கள். சட்டம் மாறவேண்டும் என்ற பெண்களுக்கு அது பெருந்துன்பம். அவர்கள் கேட்ட அதே மாற்றம் எதிரியின் கையில் தடியாகிவிட்டது. ஆகவே அயலார் நாங்கள் அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் பின்னால் நிற்கவேண்டும். முன்னால் ஓடக்கூடாது. மகள் வேறு குடியில், வேறு சாதியில் விரும்பினால் தமிழ் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். மகள் இன்னொரு மகளை விரும்பினால் அமிர்தகழித் தகப்பனும் அதே பொலிஸுக்குத்தான் போவார்.

ஆனால் எங்களுக்கு நேரடியாகப் பொறுப்புள்ள இரண்டு இடங்கள் உண்டு, இரண்டும் முஸ்லிம் சட்டம் அல்ல. ஒன்று 365. மற்றது அதே தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு. 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவுகொள்வது, அவள் சம்மதித்தாலும், வல்லுறவு என்கிறது அது. அடுத்து ஒரு விலக்கு: அவள் அந்த ஆணின் மனைவியாகவும் 12 வயதைத் தாண்டியவளாகவும் நீதிமன்றத்தால் பிரிக்கப்படாதவளாகவும் இருந்தால் குற்றமில்லை. இந்த வரியை நீக்க உலமா சபையின் அனுமதி தேவையில்லை. முஸ்லிம் உறுப்பினர்கள் ஒப்பவேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து போகும் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரும், தமிழரோ முஸ்லிமோ, நாளையே திருத்தம் கொண்டுவரலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு எங்கள் ஒழுங்கைக்கு வருபவரிடம் நான் 363ஐயும் 365ஐயும் எண் சொல்லிக் கேட்கப்போகிறேன். கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்பதைக் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள தோழிகளுக்கும் சொல்வேன்.