அட்டவணைகள் வெறும் பின்னிணைப்புகளா?

நூலின் இறுதியில் அமையும் இணைப்புப் பக்கங்களைப் படியாமல் மூடிவிடும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டு. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தையும் அவ்வாறே படிப்போமாயின், அதன் பொருளில் ஒரு பெரும்பகுதியை இழந்தவர்களாவோம். 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்டு 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் இன்று 12 அட்டவணைகள் உள்ளன. பிரிவுகள் நெறியை வகுக்க, அந்நெறி எங்கே, எவற்றுக்குப் பொருந்தும் என்பதை அட்டவணைகளே விரித்துரைக்கின்றன.

கல்வியையே சான்றாகக் கொள்வோம். சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் பகிர்ந்தளிப்பது 246ஆம் பிரிவு. எந்தத் துறை எவருடையது என்பதையோ ஏழாம் அட்டவணையின் மத்திய, மாநில, பொதுப் பட்டியல்களில்தான் காண்கிறோம். மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதற்காக 246ஆம் பிரிவில் ஒரு சொல்லும் மாறவில்லை. பட்டியலில் இடம் மட்டுமே மாறிற்று. விளைவோ பெரிது. பொதுப் பட்டியலில் உள்ள பொருள் குறித்து இருவர் சட்டங்களும் முரண்படின், பொதுவாக நாடாளுமன்றத்தின் சட்டமே நிலைபெறும்.

அட்டவணை அரணாகவும் அமைவதுண்டு. 1951இல் பீகாரின் நிலச்சீர்திருத்தச் சட்டத்தைப் பாட்னா உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அவ்வாண்டே முதல் திருத்தத்தின் வழி ஒன்பதாம் அட்டவணை பிறந்து, 13 சட்டங்களுக்குக் காப்பளித்தது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 76ஆம் திருத்தத்தால் அதில் இடம்பெற்றது. எனினும் அவ்வரண் எல்லையற்றதன்று. 1973 ஏப்ரல் 24க்குப் பின் சேர்க்கப்பட்ட சட்டங்கள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

அட்டவணைகளைத் திருத்தும் முறையும் ஒன்றுபோல் இல்லை. பழங்குடியினர் பகுதிகளின் நிர்வாகம் பற்றிய ஐந்தாம், ஆறாம் அட்டவணைகளை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே திருத்தலாம். ஏழாம் அட்டவணையின் பட்டியல்களைத் திருத்தவோ, ஈரவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மையும், பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். பழங்குடி மக்களின் நிலத்தையும் ஆட்சியையும் காக்கும் ஏற்பாடு இத்துணை எளிதில் மாறக்கூடியது என்பதைப் பிரிவுகளை மட்டும் கற்போர் அறியார்.

ஆதலின், ஓர் உரிமை எந்தப் பிரிவில் உள்ளது என வினவுவதோடு நாம் அமையலாகாது. அதனைத் தாங்கும் அட்டவணை யாது, அதை மாற்ற வல்லார் யாவர் என்றும் வினவ வேண்டும். சட்டக் கல்வி அவ்வினாவில்தான் முழுமை பெறும்.