ஒஸ்லோவில் உதவிக்கு எத்தனை கதவுகள், தெரியுமா?

ஒஸ்லோவின் ஸ்டோர்காத்தா வீதியில் டிராமில் போகாத தமிழர் நம்மில் குறைவு. அந்த வீதியின் 36ஆம் இலக்க வளாகம் 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, தெரியுமா? 1809 இல் இளவரசர் கிறிஸ்டியன் ஆகுஸ்ட்டின் பெயரில் ஏழைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார்கள். இன்றும் அது 'பிரின்ஸன்' என்ற பெயரோடு, போதைக்கு அடிமையானவர்களுக்கும் இரவில் தலைசாய்க்க இடமில்லாதவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது! அரசர்கள் மாறினார்கள், நகரத்தின் பெயரே கிறிஸ்டியானியாவிலிருந்து ஒஸ்லோ ஆனது. அந்த வாசல் மட்டும் மூடப்படவில்லை.

இப்படிப்பட்ட வாசல்கள் இந்த நகரத்தில் எத்தனையோ. ஆனால் கையில் காசு முடிந்த நாளில், கணவன் கையோங்கிய இரவில், புரியாத கடிதம் ஒன்று வந்த காலையில் எந்த வாசலைத் தட்டுவது என்று கேட்டால் நம்மவர் பலர் திகைத்து நிற்கிறார்கள். முப்பது ஆண்டுகள் இங்கே வரி கட்டியவர்களும் அப்படித்தான்!

நோர்வேக்கு வந்த முதல் தமிழர்களில் ஒருவரே உதவி திரட்டும் வேலையில் இறங்கியவர்தான், தெரியுமா? யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956 இல் இங்கு வந்தார். பிறகு நோர்வே மக்களிடம் உதவி திரட்டி, யாழ்ப்பாணத்து மீனவர்களுக்காக 'சீநோர்' நிறுவனத்தை உருவாக்கினார். காரைநகரில் படகுத் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை! அவர் வழியைப் பின்பற்றிப் படிக்க வந்த இளைஞர்கள், பிறகு போரால் வந்தவர்கள், வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று உழைத்துவிட்டுத் தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கியவர்கள் என்று நம் சமூகம் வளர்ந்தது. கொடுத்த கை இது. அதனாலோ என்னவோ, கேட்பதற்குக் கூசுகிறது.

கூச வேண்டியதில்லை. இங்கே உதவி என்பது யாருடைய இரக்கமும் அல்ல, சட்டம்! 2006 இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் தேசியக் காப்புறுதி அலுவலகத்தையும் ஒன்றாக்கி, நகராட்சியின் சமூக சேவையையும் அதே கூரையின் கீழ் கொண்டுவந்து 'நாவ்' அமைத்தார்கள். ஒஸ்லோவின் 15 நகரப் பகுதிகளில் நீங்கள் வசிக்கும் பகுதிக்கென்று ஒரு நாவ் அலுவலகம் இருக்கிறது. வேறு வழியில் வாழ்க்கைச் செலவைச் சமாளிக்க முடியாதவருக்குப் பண உதவி, இன்றிரவு தங்க இடமில்லாதவருக்குத் தற்காலிக இடம், கடனில் மூழ்கியவருக்குக் கடன் ஆலோசனை எல்லாம் சட்டத்தில் எழுதப்பட்ட கடமைகள். கையில் சாப்பாட்டுக்கே காசில்லை என்றால், வழக்கமான விண்ணப்பத்துக்கான காத்திருப்பு முடியும்வரை பொறுக்க வேண்டாம், அவசர உதவி வேண்டும் என்று அதே நாளில் சொல்லலாம்!

நாவிலிருந்து 'இல்லை' என்று கடிதம் வந்தால்? நம் வீடுகளில் நடப்பது இதுதான்: முதல் வரியில் 'நிராகரிக்கப்பட்டது' என்பதைப் பார்த்ததும் கடிதம் இழுப்பறைக்குள் போய்விடும். அதைக் கடைசிவரை புரட்டிப் பாருங்கள். முடிவுக்கான காரணங்களுக்குக் கீழே, கடைசிப் பகுதியில், நீங்கள் முறையிடலாம் என்று ஒரு தலைப்பு இருக்கும்! சமூக உதவிக்கு மூன்று வாரத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். அதே அலுவலகம் முதலில் மறுபடி பார்க்கும், முடிவை மாற்றாவிட்டால் ஸ்டாட்ஸ்ஃபொர்வால்தரென் என்ற மேலதிகாரியிடம் கோப்பு போகும். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான்!

அந்த ஒரு பக்கத்தை எழுத ஆள் வேண்டுமா? இதோ எனக்கு மிகவும் பிடித்த கதை. கெர்ட் ஃப்ளைஷர் என்ற பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1942 இல், நாட்டை ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த காலத்தில், சாமி இனத் தாய்க்கும் ஜெர்மன் படைவீரர் ஒருவருக்கும் பிறந்தவர். போர் முடிந்ததும் அப்படிப் பிறந்த குழந்தைகளை இந்த நாடு நடத்திய விதம் கொடுமையானது. ஊராரின் வசை, வீட்டுக்குள் அடி, கேட்க ஆளில்லாத பிள்ளைப் பருவம். இளம் வயதிலேயே நாட்டை விட்டுப் போனார். நீண்ட காலம் வெளிநாடுகளில் வாழ்ந்து, அந்நியராக வாழ்வது எப்படி இருக்கும் என்பதை உடம்பால் தெரிந்துகொண்டு திரும்பினார். திரும்பி வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? 1986 இல் ஒஸ்லோவில் 'சைஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். குடியேறியவர்களும் அகதிகளும் அரசு அலுவலகங்களுடன் போராட வேண்டியிருக்கும்போது அருகில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக் காட்டி, பதில் எழுதச் சொல்லிக் கொடுக்கும் இலவச சேவை! தன்னைப் போன்ற போர்க்காலக் குழந்தைகளின் நீதிக்காகவும் அவர் விடாமல் குரல் கொடுத்தார். 2000ஆம் ஆண்டுப் புத்தாண்டு உரையில் பிரதமர் பூந்தெவிக் அந்தக் குழந்தைகளிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். தன் நாட்டிலேயே அந்நியராக்கப்பட்ட ஒரு பெண், நம்மைப் போல் அந்நிய நாட்டிலிருந்து வந்தவர்களுக்காக ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் பஸ்ஸில் ஏறி ஏழைகளைத் தேடிப் போனது தெரியுமா? 1971 இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் ஒரு பஸ்ஸில் புறநகர்களுக்குப் போய் இலவச ஆலோசனை கொடுத்தார்கள். அதுதான் 'யுஸ்பஸ்'. பஸ் நின்றுவிட்டது, சேவை நிற்கவில்லை! குடியேற்றம், சிறை, கடன், வேலை, வீட்டு வாடகை என்று இன்றும் மாணவர்களே கவனிக்கிறார்கள். பெண்களுக்கென்று தனியாக 1974 இல் 'யுர்க்' தொடங்கியது. விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு, கணவன் வழியாகக் கிடைத்த வதிவிட அனுமதி என்று பெண்கள் வாய் திறக்கத் தயங்கும் எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. போதையிலும் தெருவிலும் இருப்பவர்களுக்குச் சிர்கன்ஸ் பீமிஷோன் என்ற அமைப்பின் தெரு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அந்த அமைப்பின் வேரோ 1855 வரை போகிறது!

இனி நெஞ்சை அறுக்கும் ஒரு விஷயம். மருத்துவரின் அறை. அம்மா நாற்காலியின் விளிம்பில். பக்கத்தில் 11 வயது மகள், பள்ளிப் பையைக் கூடக் கழற்றவில்லை. மருத்துவர் கேட்கிறார், மகள் தமிழில் சொல்கிறாள். அம்மா தலை குனிந்து ஏதோ முணுமுணுக்கிறாள். அதை எப்படி நோர்வேஜிய மொழியில் சொல்வது என்று தெரியாமல் பிள்ளை முழிக்கிறாள். கருப்பையைப் பற்றியும் மார்புக் கட்டியைப் பற்றியும் தன் தாயிடம் கேட்டுச் சொல்லும் வேலை ஒரு குழந்தைக்கு எதற்கு? இது சட்டப்படி தடை செய்யப்பட்டது, தெரியுமா? பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்று 2016 இலேயே விதி வந்துவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சட்டப் பாதுகாப்புக்கோ சரியான உதவிக்கோ தேவைப்படும்போது, தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைப்பது அலுவலகத்தின் பொறுப்பு. நேரம் பதிவு செய்யும்போதே 'தமிழ் தொல்க் (மொழிபெயர்ப்பாளர்) வேண்டும்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்!

'மொழிபெயர்க்க வருபவர் நம்ம ஆளாக இருப்பார், நாளைக்குக் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்' என்ற பயம் எனக்கும் புரிகிறது. சின்னச் சமூகம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு இரகசியம் காக்கும் கடமை சட்டத்திலேயே உண்டு. தெரிந்த முகம் வந்தால் வேறொருவர் வேண்டும் என்று சொல்லுங்கள். தொலைபேசி வழியாக வேறு நகரத்திலிருந்து ஒருவரைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமலே உரையாடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் அடிபடும் பெண் அடைக்கலம் தேடிப் போக யாருடைய கடிதமும் வேண்டாம், தெரியுமா? நோர்வேயின் முதல் கிரிசசென்டர், அதாவது நெருக்கடிக்கால அடைக்கல நிலையம், 1978 இல் ஒஸ்லோவில்தான் திறந்தது. 2010 முதல் ஒவ்வொரு நகராட்சியும் இந்தச் சேவையை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரடியாகப் போகலாம், 24 மணி நேரமும், இலவசமாக. ஆண்களுக்கும் இடமுண்டு! பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென ஒஸ்லோ லேகவக்ட் என்ற அவசர மருத்துவ நிலையத்தில் 1986 இலிருந்து தனிப் பிரிவு இயங்குகிறது. பொலிசில் முறைப்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும் அங்கே சிகிச்சை கிடைக்கும். ஸ்டோர்காத்தாவில் இருந்த லேகவக்ட் 2023 இல் ஆக்கர் பகுதிக்கு மாறிவிட்டது, பழைய இடத்துக்கு ஓடிவிடாதீர்கள்.

வதிவிட அனுமதியே இல்லாதவருக்கு? அவருக்கும் ஒரு வாசல் இருக்கிறது! சிர்கன்ஸ் பீமிஷோனும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2009 இல் ஒஸ்லோவில் ஆவணமற்றோருக்கான மருத்துவ நிலையம் திறந்தன. மருத்துவர்களும் தாதியரும் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து அங்கே நோயாளர்களைப் பார்க்கிறார்கள்.

பனிச்சறுக்கு நாள் வருகிறது, பிள்ளைக்கு வயிற்று வலி! உண்மையில் வயிறு வலிக்கவில்லை. சறுக்குக் கட்டை இல்லை, அதைச் சொல்ல வெட்கம். இந்தக் காட்சி குரூருத்தாலன் பள்ளத்தாக்கின் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். 'பூஆ' என்ற இரவல் நிலையங்களில் சறுக்குக் கட்டை, காலணி, ஸ்கேட், கூடாரம் எல்லாம் இலவசமாக இரவல் கிடைக்கும், தெரியுமா? நூலகத்தில் புத்தகம் எடுப்பதைப் போல எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பாலர் பள்ளிக் கட்டணத்திலும் சலுகை உண்டு: குடும்ப வருமானத்தின் 6 சதவீதத்துக்கு மேல் ஒரு பிள்ளைக்குக் கட்ட வேண்டியதில்லை. குறைந்த வருமானம் உள்ள வீட்டின் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் 20 மணி நேரம் இலவசம். வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது!

தானாக வராதவற்றில் இன்னொன்று பூஸ்தொத்த, வீட்டு வாடகைக்கான அரசு உதவி. அந்த மாதத்துக்குப் பெற வேண்டுமானால் 25ஆம் திகதிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். 26ஆம் திகதி நினைவுக்கு வந்தால் ஒரு மாதம் போனதுதான். மருத்துவச் செலவுக்கோ உச்சவரம்பு உண்டு. 2024 இல் அது 3165 குரோனர். அதற்கு மேல் போனால் ஃப்ரீகொர்ட் என்ற கட்டண விலக்கு அட்டை தானாகவே வந்துவிடும்.

உணவும் உடையும்? இரட்சணிய சேனை 1888 இலிருந்து இந்த நகரத்தில் இருக்கிறது. அதன் ஃப்ரெடெக்ஸ் கடைகள் 1905 இலிருந்து பழைய துணிகளுக்கு மறுவாழ்வு கொடுக்கின்றன. 2013 இல் திறந்த மாட்சென்ட்ராலென் என்ற உணவு வங்கி, கடைகளில் மிஞ்சும் நல்ல உணவை இப்படியான அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது.

சரி, இத்தனை வாசல்களில் எது எனக்கானது என்று எங்கே போய்க் கேட்பது? நூலகத்தில்! டைக்மான் நூலகம் 1785 இல் திறந்தது. ஸ்டொவ்னர் வணிக வளாகத்துக்குள்ளேயே ஒரு கிளை இருக்கிறது. கணினி உண்டு, இணையம் உண்டு, உட்காரச் சூடான இடம் உண்டு, வாங்க ஒன்றுமே தேவையில்லை. விண்ணப்பப் பக்கம் எங்கே என்று கேட்டால் நூலகர் காட்டித் தருவார். 1991 இலிருந்து நாடெங்கும் பரவிய தன்னார்வ மையங்களும் அப்படியே. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நான்கு சுவருக்குள் தனியாக இருக்கும் நம் அம்மப்பாக்களுக்கும் அம்மம்மாக்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கம் பேச்சுத் துணைக்கு ஆள் அனுப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் பேசத்தான் விருப்பம் என்றால், அந்தத் துணையாகப் போக நீங்களே பெயர் கொடுக்கலாமே!

இந்த எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். உயிர் ஆபத்து 113. பொலிஸ் 112. தீ 110. லேகவக்ட் 116117. பிள்ளைகளும் இளைஞர்களும் ஆபத்தில் இருந்தால் 116111. வீட்டு வன்முறை 116006. மனம் உடைந்து யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 116123. நாவ் 55 55 33 33. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். இன்னொரு தாளில் எழுதி, அண்மையில் வந்த ஒரு குடும்பத்திடம் இந்த வாரமே கொடுங்கள்.