வீடு முழுக்க ஒரே பச்சை அடிக்கலாமா?

போன செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். தஞ்சாவூர் பக்கத்தில் கிராமம். வாசலைத் தாண்டினால் வயல். "சிவில் படிக்கிறவன் நீதானே, கலரை நீயே சொல்லு"ன்னு அப்பா பொறுப்பை என் தலையில் கட்டிட்டார். நானும் ஷேடு கார்டைப் புரட்டி, சாம்பல் கலந்த மங்கின பச்சை ஒண்ணைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் சேஜ் கிரீன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி. ஹால், ரூம், சமையல்கட்டு, கதவு, நிலை, நிலைப்படி எல்லாத்துக்கும் அதே பச்சை.

அடிச்சு முடிச்ச வாரத்திலேயே மூணு விஷயம் தெரிஞ்சுது. ஹாலில் அந்தப் பச்சை கார்டில் இருந்ததைவிட ரொம்பத் தூக்கலா இருந்தது. ஜன்னல் குறைவான நடு ரூம் இருண்டு போச்சு. மூணாவதுதான் பெரிய விஷயம். எங்க அப்பாயி இத்தனை வருஷமா தாண்டிப் பழகின நிலைப்படியில் கால் இடிச்சுத் தடுமாறிட்டாங்க. நல்லவேளை, கதவைப் பிடிச்சுக்கிட்டாங்க. "எல்லாம் ஒண்ணாத் தெரியுதுடா தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க.

பெயிண்ட் மேலயோ பெயிண்டர் அண்ணன் மேலயோ தப்பில்லை. நான் படிச்ச பாடத்தை வீட்டில் யோசிக்காம விட்டதுதான் தப்பு. நீங்களும் அதையே செய்யக்கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

கார்டில் சாது, சுவரில் சண்டியர்

ஏன் இப்படி? சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பெயிண்ட் தன் மேல் விழும் பச்சை ஒளியில் 60 சதவீதத்தையும், சிவப்பு ஒளியில் 50 சதவீதத்தையும் திருப்பி அனுப்புதுன்னு வைங்க. ரெண்டுக்கும் விகிதம் 1.2. கண்ணுக்கு அது லேசான பச்சைதான். கையில் இருக்கும் கார்டில் நாம பார்க்கிறது இந்த ஒரு பிரதிபலிப்பை மட்டும்தான்.

நாலு சுவரும் பச்சையா இருக்கிற ரூமில் ஒளி ஒரு தடவையோட நிற்காது. ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, அப்புறம்தான் நம்ம கண்ணுக்கு வரும். ரெண்டாவது தடவையில் விகிதம் 1.44. மூணாவது தடவையில் கிட்டத்தட்ட 1.73. ஒவ்வொரு தடவையும் பச்சை கொஞ்சம் கூடுது. அதனால கார்டில் உங்களுக்குப் பிடிச்ச ஷேடைவிட ஒரு படி சாம்பல் கூடுதலா இருக்கிறதை எடுங்க. சுவரில் வரும்போது அது நீங்க நினைச்ச பச்சைகிட்ட வந்துடும்.

ரூம் இருண்டதுக்கும் இதேதான் காரணம். ஒரு மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்புதுங்கிறதை 0 முதல் 100 வரை எண்ணாகச் சொல்வாங்க. அதுக்கு எல்.ஆர்.வி.ன்னு பேர். பல கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் இந்த எண்ணைக் கொடுக்கிறாங்க. ஒரு ரூமில் எல்லாப் பரப்பும் சராசரியா 80 சதவீதம் திருப்பினா, பட்டுப் பட்டு வரும் மறைமுக ஒளி 0.8/0.2, அதாவது 4 மடங்கு. அதுவே 50 சதவீதம்னா 0.5/0.5, அதாவது 1 மடங்குதான். நிஜ வீட்டில் ஜன்னல், தரை, சீலிங் எல்லாம் இருக்கிறதால வித்தியாசம் இவ்வளவு வராது. ஆனா போக்கு இதேதான். இருட்டு ரூமுக்கு அதே ஃபார்முலாவில் கலரைப் பாதியாக்கி அடிங்க, சீலிங்கை வெள்ளையாவே விடுங்க. வீடு முழுக்க ஒரே குடும்பத்துப் பச்சையாத் தெரியும், வெளிச்சமும் போகாது.

வயலும் ஒரு சுவர்தான்

நம்ம ஊருக்குன்னு இன்னொரு சிக்கல் இருக்கு. சம்பா பயிர் நிக்கிற கார்த்திகை, மார்கழியில் வயலைப் பார்த்த ஜன்னல் வழியா பச்சை ஒளியும் சேர்ந்து உள்ளே வரும். அறுவடை முடிஞ்ச பிறகு அதே ஜன்னலில் வைக்கோல் நிறம் வரும். கீழே ரெட் ஆக்சைடு தரை இருந்தா, அதில் பட்டு வரும் சிவப்பு ஒளி சுவரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் பழுப்பாக்கும். ராத்திரியில் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட் போட்டா பச்சை குளிர்ச்சியாத் தெரியும், 3000 கெல்வின் பல்பு போட்டா மஞ்சள் பக்கம் சாயும். ஆக, கலர் டப்பாவுக்குள்ள மட்டும் இல்லை. அதில் பாதி உங்க வீட்டு வெளிச்சத்தில் இருக்கு.

எங்க அப்பா பார்த்தவுடனே "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குடா"ன்னார். அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் தன் ஆபரேஷன் தியேட்டருக்குக் கீரைப் பச்சை அடிக்க வைத்தார். வெள்ளைச் சுவரின் கூச்சம் கண்ணை உறுத்தியது. ரத்தச் சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அதில் ஓய்வு கிடைக்கும். அப்புறம் பச்சை உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியது. வீட்டில் அந்த நெடி வராமல் இருக்க, மரம், பித்தளை, காவி மாதிரி சூடான நிறங்களை அங்கங்கே விட்டு வைத்தால் போதும்.

பெரிய கோவில் சொல்லும் பாடம்

மங்கின பச்சை நேத்து வந்த ஃபேஷன் இல்லை. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோவிலில், கருவறையைச் சுற்றிய உள் பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கு. அதுக்கு மேலே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிட்டாங்க. அடியில் இருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் வெளியுலகுக்குச் சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. அந்த நிறங்களை ஆராய்ந்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன். பச்சை எதிலிருந்து வந்தது? பச்சை மண்ணிலிருந்து! இரும்பு கலந்த ஒருவகைக் களிமண் கனிமம் அது. பளிச்சுன்னு இருக்காது, இயல்பிலேயே சாம்பல் கலந்த பச்சை.

ஏன் அந்த மண்? ஈரச் சுண்ணாம்பின் பி.எச். 12-க்கு மேலே. அந்தக் காரத்தில் பல நிறமிகள் கெட்டுப்போகும். மண் நிறமிகள் அதைத் தாங்கும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாக இறுகும்போது, நிறத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும்.

உங்க வீட்டுப் புது சிமெண்ட் பூச்சும் இதே மாதிரி காரம்தான். பூசின கையோட பெயிண்ட் அடிச்சா நிறம் திட்டுத் திட்டா வெளுக்கும். குறைஞ்சது 28 நாள் விட்டு, சுவர் நல்லாக் காய்ஞ்சதைப் பார்த்து, காரம் தாங்கும் பிரைமர் அடிச்சுட்டு அப்புறம் பெயிண்டுக்குப் போங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரத்தை விடவே விடாது. அந்த மாசங்களில் வேலையை ஆரம்பிக்காதீங்க.

அப்பாயியின் நிலைப்படி

வயசாக ஆக கண் லென்ஸ் மஞ்சளாகும், நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் மங்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ரெண்டு பரப்பு தனித்தனியாத் தெரியணும்னா, அவற்றின் எல்.ஆர்.வி. வித்தியாசம் 30 இருக்கணும்னு பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பி.எஸ். 8300 சொல்லுது. எங்க வீட்டில் சுவர், நிலை, நிலைப்படி எல்லாம் ஒரே ஷேடு. வித்தியாசம் பூஜ்யம். முன்னாடி அந்தப் படியில் வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பாயி பூசும் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். பெயிண்ட் அழுக்காகிடும்னு சொல்லி அதையும் நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன்.

அடுத்த நாளே நிலையையும் நிலைப்படியையும் சுரண்டி, அடர்ந்த தேக்கு நிறம் அடிச்சோம். சுவிட்ச் போர்டு வெள்ளை, நடு ரூமில் பாதிப் பச்சை. வெள்ளிக்கிழமை மஞ்சளும் திரும்ப வந்துடுச்சு.

நீங்க அடிக்கப் போறீங்கன்னா ஒரே ஒரு வேலை மட்டும் முதலில் செய்யுங்க. ரெண்டு சுவர் சேரும் மூலையில், ரெண்டு பக்கமும் 3 அடிக்கு 3 அடி, ரெண்டு கோட் சாம்பிள் அடிங்க. மூலையில்தான் ஒளி சுவருக்குச் சுவர் பட்டு நிறம் கூடுறது தெரியும். காலையில், சாயங்காலம் நாலு மணிக்கு, ராத்திரி லைட் போட்டுன்னு மூணு தடவை பாருங்க. அப்புறம் வீட்டில் வயசானவங்க யாராவது இருந்தா, அவங்களைக் கூப்பிட்டு "படி தெரியுதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் அதைக் கேட்காம விட்டுட்டேன்.