வானொலியில் ஒரு சங்கீத விசாரணை

சிகாகோ நகரத்து டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் 1952 முதல் 1997 வரை ஸ்டட்ஸ் டெர்க்கல் நடத்திவந்த சம்பாஷணைகளைச் சங்கீத விமர்சனத்தின் தனி மார்க்கம் என்றே சொல்லவேண்டும். அமெரிக்கத் தென் மாகாணங்களின் பருத்தி வயல்களிலும் தேவாலயங்களிலும் வளர்ந்து, பிழைப்புத் தேடி ரயிலேறி வடக்கே வந்த கறுப்பின மக்களோடு கூடவே சிகாகோவுக்குக் குடியேறிய ப்ளூஸ், காஸ்பெல் முதலிய இசை வகைகளை, வெறும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளாமல், பாடினவர்களுடைய ஜீவியத்தின் அங்கமாகவே அவர் விசாரித்தார். ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்ஸியோடு மேடையேறியவர். மஹேலியா ஜாக்ஸனின் பக்தி கானத்தை, தேசம் அந்த அம்மையாரை அறியுமுன்பே, வானொலியில் ஒலிக்கச் செய்தவர். ஜாஸ் மேதைகளைப் பற்றி 1957இல் நூலும் எழுதியவர்.

இத்தனை ஞானமும் அவருடைய நாவை அடக்கியதே ஒழிய நீட்டவில்லை (விமர்சகர்களுக்கு இது அபூர்வ குணம்!). 1963இல், 22 வயதுகூட நிரம்பாத பாடகர் பாப் டிலன் கிதாரும் கையுமாக எதிரே அமர்ந்து பாடியபோது, கடுமழை வரப்போவதாகச் சொல்லும் டிலனின் பாட்டு அணுகுண்டு மழையைக் குறிப்பதென்று டெர்க்கல் கருத, அந்த இளைஞரோ அதை மறுத்து, அது வெறும் கடுமழைதான் என்றார். அம்மறுப்பும் அப்படியே ஒலிபரப்பாயிற்று. டெர்க்கலின் சம்பாஷணைப் பதிவுகளிற் பலவற்றை இன்று இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம்; சங்கீதப் பிரியர்கள் டிலன் பேட்டியிலிருந்தே தொடங்கலாம்.