உள்ளிருந்து உடையும் சுவர்

1896இல் எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் விரைவில் மடிவதையும், கொதிக்கவைத்த நீரில் அந்த ஆற்றல் இல்லாமல்போவதையும் எழுதிவைத்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களே காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதினார்கள். ஃபேஜ் என்றதும் பாக்டீரியாவை முட்டி உடைக்கும் முரட்டு உயிரி என்றே நினைக்கிறோம். அது சரியல்ல. உடைக்கும் வலிமை பாக்டீரியாவினுடையது. அதை அவிழ்த்துவிடும் நேரம் மட்டுமே வைரஸினுடையது.

பாக்டீரியாவின் உள்ளே அழுத்தம் மிக அதிகம். சில இனங்களில் அது லாரி டயரின் காற்றழுத்தத்தையும் மிஞ்சும். பெப்டிடோகிளைக்கான் என்ற வலைச்சுவர்தான் அதைத் தாங்குகிறது. ஈ. கோலியைத் தாக்கும் லாம்டா ஃபேஜ் உள்ளே தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போதே, சுவரை அறுக்கும் எண்டோலைசின் என்ற நொதியையும் தயாரித்துவிடுகிறது. ஆனால் உள்சவ்வு குறுக்கே நிற்பதால் நொதியால் சுவரைத் தொட முடியாது. இதற்கிடையில் ஹோலின் என்ற இன்னொரு புரதம் அந்தச் சவ்வில் சேர்ந்துகொண்டே வரும். செல்லுக்கு அதுவரை எந்தக் கேடும் தெரியாது. குறித்த வேளை வந்ததும் ஹோலின்கள் ஒன்றுதிரண்டு சவ்வில் பெரிய துளைகளைத் திறக்கின்றன. எண்டோலைசின் பாய்ந்து சுவரை அறுக்கிறது, ஸ்பானின் புரதங்கள் வெளிச்சவ்வைக் குலைக்கின்றன, மீதி வேலையை உள்ளழுத்தம் முடித்துவிடுகிறது. சீக்கிரம் உடைத்தால் வாரிசுகள் குறைவு. தாமதித்தால் அடுத்த இரை கைநழுவும். இந்தக் காலக்கணக்குதான் ஃபேஜின் உண்மையான திறமை.

அறுக்கும் நொதியை மட்டும் பிரித்து வெளியிலிருந்து கொடுத்தால் மருந்தாகாதா? பெங்களூரின் கங்காஜென் நிறுவனம் இந்த வழியில்தான் பி128ஐ உருவாக்கியது. 'கே' என்னும் ஃபேஜின் வால்பகுதியிலுள்ள அறுக்கும் நொதியோடு, லைசோஸ்டாஃபின் என்ற பாக்டீரியப் புரதத்தின் ஒட்டும் பகுதியை இணைத்த கலப்புப் புரதம் அது. பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸை ஆய்வகத்தில் கொன்றது. நம் செல்களையும் அறுக்காதா என்ற அச்சம் வேண்டாம், நமக்கு அந்தச் சுவரே கிடையாது. ஈ. கோலி போன்றவற்றில் வெளிச்சவ்வு தடுக்கும் என்பது நியாயமான மறுப்பு. அங்கே நொதியை மாற்றியமைத்தாக வேண்டும். கிருமிகள் பழகிவிடாவா என்றால், சில பழகும். ஆனால் சுவரை மாற்றிக்கொண்டு லைசோஸ்டாஃபினுக்குத் தப்பிய ஸ்டாஃபிலோகாக்கஸ்கள், பென்சிலின் வகை மருந்துகளுக்கு மீண்டும் கட்டுப்பட்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதே வகையைச் சேர்ந்த எக்ஸெபகேஸ் என்ற அமெரிக்க நொதிமருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை, பலன் தெரியாததால் 2022இல் நிறுத்தப்பட்டது. அது ஒரு மருந்தின் தோல்விதான். இந்த வழியையே கைவிட அது போதிய காரணமல்ல.