பழைய மோட்டார் சைக்கிளின் தாகம்

என் மச்சான் ஒருவரின் 125 சீசீ மோட்டார் சைக்கிள் அவரது குடும்பத்தின் உழைப்பாளிகளில் ஒன்று. காலையில் மகளைப் பாடசாலையில் விடுவதும், பின்னர் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடுவதும் அதில்தான். ஒரு நாள் மகளைப் பின்னால் ஏற்றிச் செல்லும்போது, நடு வீதியில் எஞ்சின் பெரிய சத்தத்தோடு இறுகிப் பின்சில்லு தேய்ந்து இழுபட்டது. சட்டென்று கிளச்சைப் பிடித்ததால் இருவரும் விழாமல் தப்பினார்கள்.

கராஜில் ஒயிலை வடித்துப் பார்த்தபோது ஒரு சிரட்டை அளவுகூட இருக்கவில்லை. சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் றிங்கும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அந்த மாத வீட்டுச் செலவுப் பணம் அதிலேயே கரைந்தது. தொழிலும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றது.

"மூன்று மாதத்துக்கு முன்தானே ஒயில் மாற்றினேன்!" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மாற்றினால் போதும், இடையில் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்ததுதான் தவறு. நம்மில் பலர் செய்யும் தவறும் இதுவே.

ஒயில் எங்கே போகிறது?

பழைய எஞ்சினில் பிஸ்டன் றிங்குகளும் வால்வுகளின் இறப்பர் சீல்களும் தேய்ந்திருக்கும். அந்த இடைவெளிகளால் ஒயில் சிறிது சிறிதாக உள்ளே நுழைந்து பெற்றோலோடு எரிந்துவிடுகிறது. சொட்டுச் சொட்டாக வெளியே கசிவதும் உண்டு. நிலத்தில் கறை இல்லை என்பதால் ஒயில் குறையவில்லை என்று எண்ணக் கூடாது. எரிந்து போவது நிலத்தில் தெரியாது.

நம் வீதிகளில் இன்றும் ஓடும் ஹொண்டா சீ 90 போன்ற வண்டிகள் கொள்ளும் ஒயில் ஒரு லீற்றருக்கும் குறைவே. அந்தச் சிறிதளவுதான் பிஸ்டன், கியர்கள், கிளச் ஆகிய மூன்றையும் காக்கிறது. சூட்டையும் வெளியே கொண்டுவருகிறது. இத்தகைய பழைய சிறு வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஒயில் குறைந்ததைச் சொல்லும் சிவப்பு விளக்கும் இல்லை. ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும்.

அளந்து பார்க்கும் முறை

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரப் பயணத்துக்கு முன்னரும் பாருங்கள்.

1. சமமான தரையில் வண்டியை நடு ஸ்டான்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். பக்க ஸ்டான்டில் சாய்ந்து நின்றால் அளவு பிழையாகும்.

2. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிறகு மூன்று நிமிடமாவது பொறுங்கள். மேலே ஏறிய ஒயில் கீழே இறங்க வேண்டும்.

3. ஒயில் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின் மூடியைக் கழற்றுங்கள். அதோடு சேர்ந்திருக்கும் அளவுக் கம்பியைச் சுத்தமான சீலைத் துணியால் துடையுங்கள். சைலன்சரில் கைபடாமல் கவனமாக இருங்கள்.

4. கம்பியை மீண்டும் உள்ளே விடுங்கள். ஹொண்டா வண்டிகளில் மூடியை முறுக்காமல், துவாரத்தின் வாயில் வைத்தே அளவு பார்க்க வேண்டும். வேறு சில வண்டிகளில் முறுக்கிப் பார்க்கும் முறையும் உண்டு. உங்கள் வண்டியின் கைநூல் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

5. கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு. ஒயில் அவ்விரண்டுக்கும் இடையில் இருந்தால் பயமில்லை. கீழ்க் கோட்டை நெருங்கினால் ஊற்ற வேண்டும். கம்பியில் ஒயிலே படாவிட்டால், ஊற்றும் வரை எஞ்சினை இயக்கவே கூடாது.

ஊற்றும்போது

ஒரேயடியாக ஊற்றாதீர்கள். ஐம்பது மில்லிலீற்றர் அளவில் ஊற்றி, சற்றுப் பொறுத்து, மீண்டும் கம்பியைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கூடினால் நல்லது என்று நிறைத்து விடுவோரும் உண்டு. அளவு மிஞ்சினால் உள்ளே அழுத்தம் கூடி, ஒயில் சீல்களால் கசியும், மூச்சுக் குழாய் வழியாக வெளியேறும், புகையும் வரும்.

கைநூல் சொல்லும் தரத்தையே வாங்குங்கள். நம் நாட்டுச் சூட்டுக்கு 20டபிள்யூ-50 போன்றவை பல பழைய எஞ்சின்களுக்குப் பொருந்தும். இவ்வண்டிகளின் கிளச் ஒயிலில் நனைந்தபடியே வேலை செய்வது. கார்களுக்கென்று வரும் சில ஒயில்களிலுள்ள வழுக்கும் சேர்மானங்களால் கிளச் பிடிப்பு இழந்துவிடும். போத்தலில் 'ஜாஸோ எம்.ஏ.' என்ற குறி இருந்தால் அது நனைந்த கிளச்சுக்கு ஏற்றதென அறியலாம்.

இவையெல்லாம் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கே. யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெற்றோலோடு எரிவதற்கென ஒரு ஒயிலும், கியருக்கென வேறு ஒயிலும் உண்டு. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஒயில் சொல்லும் சேதி

சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. நெடுநேரம் நின்ற வண்டியை இயக்கும்போது மட்டும் சிறிது வந்தால் வால்வு சீல்களைச் சந்தேகிக்கலாம். வேகம் கூட்டும்போதெல்லாம் வந்தால் பெரும்பாலும் றிங் தேய்ந்திருக்கும். கம்பியில் பால் தேநீர் நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்துக்குள்ளால் ஓடியபின் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஊற்றாமலே ஒயில் கூடியிருந்தால் மகிழாதீர்கள். மோந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால் காபரேட்டர் ஒழுகி, பெற்றோல் ஒயிலில் கலக்கிறது. ஒயில் நீர்த்துப்போய் எஞ்சினைக் காக்கும் சக்தியை இழந்துவிடும். பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டு, திருத்தி, ஒயிலையும் மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

எத்தனை முறை ஊற்றினாலும், அது ஒயில் மாற்றியதற்குச் சமமாகாது. பழைய ஒயிலின் அழுக்கு உள்ளேதான் இருக்கும். சீ 90 வகையில் கடதாசி வடிகட்டி இல்லை. கம்பி வலையும், சுழன்று அழுக்கைப் பிடிக்கும் ஒரு கிண்ணமும் மட்டுமே உண்டு. ஆகவே காலம் தவறாமல் மாற்ற வேண்டும். வடித்த ஒயிலை மணலிலோ வடிகானிலோ கொட்டாதீர்கள். அது நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் வந்து சேரும். பழைய ஒயில் சேகரிக்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

என் மச்சான் வீட்டில் இப்போது சுவரிலுள்ள கலண்டரில் வாரம் ஒரு புள்ளி விழுகிறது. புள்ளி வைப்பவள் அன்று பின்னால் இருந்த மகள். துணியும் போத்தலும் அவள் பொறுப்பு. "வாப்பா, கீழ்க் கோட்டுக்கு வந்துட்டு" என்று அவள் சொன்னால், ஒயில் ஊற்றாமல் அவர் சாவியை எடுப்பதில்லை.