செங்கோட்டை மலைப்பாதையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்போமா?

நம் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிறார்கள், விமானம் ஓட்டுகிறார்கள். ரயில் ஓட்டுவதற்கும் இதேபோல விளையாட்டுகள் உண்டு என்பது பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. இவற்றை 'டிரெயின் சிமுலேட்டர்' என்பார்கள். இதில் சுடுவதும் இல்லை, யாரையும் முந்துவதும் இல்லை. சிக்னலைப் பார்த்து, வேக வரம்பை மீறாமல், ஏற்ற இறக்கம் அறிந்து, குறித்த நேரத்தில் வண்டியை நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். 'இதில் என்ன சுவாரசியம்?' என்று கேட்பவர்கள், சிறு வயதில் ஜன்னலோர இடத்துக்காகத் தம்பி தங்கைகளோடு சண்டை போட்டதை நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த விளையாட்டுகளில் ஓட்டப்படும் பாதைகள் பெரும்பாலும் உண்மையானவை. 2001-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட 'டிரெயின் சிமுலேட்டர்' ஆறு பாதைகளோடு வந்தது. அவற்றுள் ஒன்று ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள ஹிசாட்சு பாதை. ஆற்றங்கரையை ஒட்டி வந்து பிறகு மலையேறும் கிராமத்து ஒற்றைப் பாதை அது. அதிலுள்ள ஓகோபா நிலையத்தில் தண்டவாளம் ஒரு வளையம் போலச் சுற்றி ஏறும். நிலையத்துக்குள் வந்த வண்டி பின்னோக்கிப் போய், மறுபடி முன்னோக்கி ஏறும். 2020 ஜூலை மாதம் பெய்த பெருமழையில் குமா ஆறு பொங்கி, அந்தப் பாதையின் பாலங்களை அடித்துச் சென்றது. மலைப்பகுதியில் ரயில் நின்றுபோனது. கம்ப்யூட்டருக்குள் மட்டும் அது தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று இங்கிலாந்தின் செட்டில் - கார்லைல் பாதை. 1980-களில் இதை மூடிவிட ஏற்பாடு நடந்தது. மக்கள் விடாமல் எதிர்த்ததால் 1989-இல் அது காப்பாற்றப்பட்டது. இப்படி, வருமானம் குறைந்த, ஆனால் மக்கள் மனதில் இடம்பிடித்த பாதைகளைத்தான் இந்த விளையாட்டை விரும்புவோர் தேடிப் பிடிக்கிறார்கள். பெருநகரங்களை இணைக்கும் நேர்கோட்டுப் பாதையில் ஓட்டுவதற்கு வேலை குறைவு. வளைவும் ஏற்றமும் பாலமும் குகையும் உள்ள பாதையில்தான் ஓட்டுநருக்கு வேலை.

அப்படியானால் நம் பக்கத்திலிருந்து ஒரு பாதையைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வது?

உடனே நினைவுக்கு வருவது ஊட்டி ரயில். 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான அந்தப் பாதையின் பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் கொண்டு ஏறும் வண்டி அது. சிமுலேட்டர்களோ, வழவழப்பான சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிப்பைக் கணக்கிடுவதற்காகவே எழுதப்பட்டவை. பல்சக்கரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மேலும் ஊட்டி ரயில் இன்றும் ஓடுகிறது. டிக்கெட் கிடைத்தால் நேரிலேயே போய்வரலாம். அடுத்து பாம்பன். 1914-இல் திறந்த பழைய பாலமும், 2025-இல் திறந்த புதிய பாலமும் கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் கடல்மேல் போகும் தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் சமதளம்.

என் பரிந்துரை, செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் மலைப்பாதை. அதுவும் இன்றைய அகலப் பாதை அன்று; 2010 வரை ஓடிய பழைய மீட்டர் கேஜ் பாதை.

இந்தப் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமையையும் கொல்லம் துறைமுகத்தையும் சேர்த்த பாதை இது. சென்னை எழும்பூரில் ஏறிக் கொல்லம் மெயிலில் இந்த மலையைக் கடந்தவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். 2010 செப்டம்பரில் மலைப்பகுதியில் மீட்டர் கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டன. தண்டவாளத்தை மாற்றி, 2018-இல் அகலப் பாதையாக மறுபடி திறந்தார்கள். முன்பு இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1000 மில்லிமீட்டர், இப்போது 1676. பாதை பிழைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் பழைய வண்டியும் பழைய சிக்னலும் பழைய சத்தமும் போய்விட்டன.

செங்கோட்டை - புனலூர் தூரம் சுமார் 50 கிலோமீட்டர். செங்கோட்டையை விட்டதும் வயல்கள். எதிரே மலைத்தொடர். குற்றாலச் சீசனில் அந்தப் பக்கமெல்லாம் சாரல் பறக்கும். மலையடிவாரத்தில் பகவதிபுரம். அங்கிருந்து ஏற்றம் தொடங்கும். மலையைக் குடைந்த நீண்ட குகைக்குள் வண்டி தமிழ்நாட்டில் நுழைந்து கேரளத்தில் வெளிவரும். வெளியே வந்தால் காற்றும் வெளிச்சமும் பச்சையும் மாறியிருக்கும். ஐயப்பன் கோயில் கொண்ட ஆரியங்காவு, பிறகு இடப்பாளையம், கழுதுருட்டி. கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே பதின்மூன்று கண் கொண்ட கருங்கல் பாலம். அகலப் பாதை போட்டபோதும் அதை இடிக்காமல் வலுப்படுத்திப் பயன்படுத்துகிறார்கள். பின்பு தென்மலை, ஒற்றைக்கல், இடமண் வழியாக இறங்கிப் புனலூர். அங்கே கல்லடை ஆற்றின் மேல் 19-ஆம் நூற்றாண்டுத் தொங்குபாலம். இரண்டு மொழி, இரண்டு மாநிலம், ஒரு மலை, இத்தனையும் ஒரு காலை நேரப் பயணத்தில் அடங்கும். விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது.

ஓட்டுவதில் என்ன சவால் என்பதையும் சொல்ல வேண்டும். ரயில்வேயில் ஏற்றத்தை 'ஐம்பதுக்கு ஒன்று', 'நாற்பதுக்கு ஒன்று' என்று சொல்வார்கள். ஐம்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம் என்று பொருள். 300 டன் வண்டி ஐம்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் நின்றால், அதைப் பூமி 6 டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் வண்டி நகராது. அதனால்தான் மலைப்பாதைகளில் வண்டிக்குப் பின்னால் தள்ளுவதற்கு இன்னொரு எஞ்சின் சேர்ப்பது வழக்கம். மும்பையில் இருப்பவர்களுக்கு இது புதிதன்று. லோனாவ்லா போகும் வண்டிகளுக்குக் கர்ஜத்தில் 'பாங்கர்' எஞ்சின் இணைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். முன் எஞ்சினும் பின் எஞ்சினும் ஒரே மனதாக வேலை செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டினால், அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம்.

இறக்கத்தில் பிரேக்தான் உயிர். மீட்டர் கேஜ் வண்டிகளில் வாக்குவம் பிரேக் இருந்தது. வண்டி முழுவதும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் விடுபடும். காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். குழாய் எங்காவது அறுந்தால் காற்று தானே புகுந்து வண்டி நின்றுவிடும். பிடிப்பதும் விடுவதும் உடனே நடக்காது. கடைசிப் பெட்டி வரை போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். இதைக் கணக்கில் கொண்டு வளைவுக்கு முன்பே யோசிக்கிறவர்தான் நல்ல டிரைவர். ஒற்றைப் பாதையாதலால் டோக்கன் இல்லாமல் அடுத்த நிலையத்துக்குப் புறப்பட முடியாது. ஓடும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி டோக்கன் வளையத்தை வாங்கும் காட்சியை மறக்க முடியுமா!

சரி, ஒரு பாதையை எப்படி உருவாக்குகிறார்கள்? இதற்குப் பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய மைக்ரோசாப்ட் விளையாட்டுக்காகச் செய்த பாதைகளும் அதில் ஓடும். ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்த இந்தியப் பாதைகளும் உண்டு.

முதலில் தரையின் மேடுபள்ளம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு பூமியின் பெரும்பகுதியை அளந்தது. அந்த உயரக் கணக்குகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிலத்தை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, இந்தக் கணக்கைக் கொண்டு மலைகளை எழுப்புவார்கள். ஆனால் அளந்த புள்ளிகளுக்கு இடையே சுமார் 30 மீட்டர் இடைவெளி உண்டு. ஆறேழு மீட்டர் அகலத்தில் பாறையை வெட்டிப் போட்ட பாதை அதில் தெரியாது. அடர்ந்த காட்டில் ராடார் தரையைப் பார்க்காமல் மரத்தின் உச்சியைப் பார்த்துவிடும். ஆகவே மலைப்பாதையில் கையால் திருத்தும் வேலை அதிகம். அடுத்து தண்டவாளம், அதன் வளைவு, ஏற்றம். பிறகு சிக்னல், நிலையம், மரம், வீடு. கடைசியாக எஞ்சினும் பெட்டியும் அவற்றின் ஓசையும். அந்தக் கடைசி ஆண்டுகளில் இப்பாதையில் ஓடிய ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர். அதன் தாளத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

நீராவிக் காலத்தையா, டீசல் காலத்தையா எடுத்துக்கொள்வது என்ற கேள்வி வரும். டீசல் காலத்தின் கடைசி ஆண்டுகளே நல்லது என்பது என் கருத்து. அப்போது பார்த்தவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள்.

இங்கேதான் நமக்கு வேலை வருகிறது. மலையின் உயரத்தை விண்ணோடம் சொல்லும். ஆனால் ஆரியங்காவு பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருந்தது, ஸ்டேஷன் கதவுக்கு என்ன வண்ணம், மணி எங்கே தொங்கியது, எந்த வளைவில் டிரைவர் ஊதுவார் என்பதை எந்த ராடாரும் சொல்லாது. மாற்றியமைத்த பாதையை இன்று போய்ப் படம் எடுத்தாலும் கிடைக்காது. அது மனிதர்களின் நினைவிலும் வீட்டு ஆல்பங்களிலும்தான் இருக்கிறது. மும்பைத் தமிழர்களில் நெல்லைச் சீமைக்காரர்கள் நிறையப் பேர். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது எடுத்த குடும்பப் படங்களில், அத்தையின் தோளுக்குப் பின்னால் ஒரு சிக்னல் கம்பமோ நிலையப் பலகையோ நின்றுகொண்டிருக்கும். அத்தைக்காக எடுத்த படம்தான். இன்று அந்தக் கம்பத்துக்கு வேறு சாட்சி இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. பழைய படங்களைத் தேடி எடுத்து, பின்புறம் பென்சிலால் ஊரும் ஆண்டும் குறியுங்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், கேங்மேன் யாராவது உறவில் இருந்தால், அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த நிலையத்தில் எத்தனை லைன், எங்கே வேகம் குறைப்பார்கள், எங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். பழைய கால அட்டவணைப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் ஒரே ஒரு நிலையத்தை மட்டும் செய்யச் சொல்லித் தொடங்கலாம். பகவதிபுரம் சிறிய நிலையம். முதல் முயற்சிக்கு அதுவே போதும்.

தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் வரைய வேண்டிய வேலை இது. பேரனுக்கு இன்னும் பல ஆண்டு அவகாசம் இருக்கிறது; தாத்தாவுக்கு அவ்வளவு இல்லை. இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுவது நல்லது.